க்ளிக் படத்துல அந்த ரிமோட் உண்மையில என்ன பண்ணுது?

கேட்டது ரெண்டு விஷயம். ஒண்ணு, ஆடம் சாண்ட்லர் நடிச்ச ‘க்ளிக்’ படத்தை காமெடின்னு நம்பி உக்காந்தா கடைசி அரை மணி நேரம் ஏன் இப்படி அழ வைக்குது. ரெண்டாவது, வேலையைக் குறைச்சுக்கிட்டு குடும்பத்தோட இருங்கன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் படமா, அப்படின்னா மாசாமாசம் ஈஎம்ஐ கட்டுற ஆளுக்கு அது எப்படி ஒத்து வரும். ரெண்டுக்கும் சேத்தே சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், ஏன்னா இந்தப் படத்தை நான் மூணு தடவை முழுசா பாத்திருக்கேன், காலேஜ் படிக்கும்போது ஒரு தடவை, வேலைக்குப் போன புதுசுல ஒரு தடவை, பையன் பிறந்த அப்புறம் ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் வேற வேற சீன்ல மனசு போய் நின்னுச்சு. படம் இன்னும் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க, கதை முழுக்க சொல்லப் போறேன்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். வேலை கெட்டது குடும்பம் நல்லதுன்னு சொல்ற படமா இதை எடுத்துக்கிட்டா பாதிதான் கையில நிக்கும். ‘இந்த ஒரு மாசம் மட்டும் எப்படியாவது ஓடிட்டா போதும்’னு நாம எல்லாரும் சொல்றோம் பாருங்க, படம் கை வைக்கிறது அந்தப் பேச்சு மேலதான். ஓட்டிவிடறது ஒரு பழக்கம், அந்தப் பழக்கம் முத்திப்போனா அப்புறம் நம்ம கையை மீறிப் போயிடும், அவ்வளவுதான் கதை. இதை சொல்றதுக்கு ரிமோட்டை விட பொருத்தமான பொருளே கிடையாது.

கதை இதுதான். மைக்கேல் நியூமன்னு ஒரு ஆர்க்கிடெக்ட், மனைவி டோனா, ஏழு வயசுல பையன் பென், அஞ்சு வயசுல பொண்ணு சமந்தா. பசங்களுக்கு மர வீடு கட்டித் தர்றேன்னு ஆரம்பிச்சது பாதியிலயே நிக்குது. ஜூலை 4 லீவுக்கு ஏரிப்பக்கம் போய் டென்ட் போட்டு தங்கலாம்னு சொல்லியிருப்பான், அதுவும் நடக்காது, ஏன்னா அவன் பாஸ் அம்மர் ஒரு பெரிய ப்ராஜெக்ட்டை தலையில கட்டி, இதை முடிச்சுக் குடுத்தா உன்னை பார்ட்னர் ஆக்கறேன்னு ஆசை காட்டி வச்சிருக்கான். அம்மரா வர்றது பேவாட்ச் டிவி சீரியல்ல நடிச்ச டேவிட் ஹாசல்ஹாஃப். ராத்திரி வேலை பாக்கறதுக்கு நடுவுல டிவி போடலாம்னா எந்த ரிமோட் எதுக்குன்னே தெரியல, ஒண்ணை அமுக்கினா கராஜ் கதவு திறக்குது, இன்னொண்ணை அமுக்கினா ஃபேன் சுத்துது. எல்லாத்துக்கும் சேத்து ஒரே ரிமோட் வாங்கிடலாம்னு கோவத்துல கிளம்பறான். அந்த நேரத்துல திறந்திருக்கிற ஒரே கடை பெட் பாத் அண்ட் பியாண்ட், மெத்தை விரிப்பு, துண்டு, பாத்ரூம் சாமான் எல்லாம் விக்கிற அமெரிக்க செயின். ரிமோட்டுக்கும் அந்தக் கடைக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா மனுஷன் அசதியில அங்க இருக்கிற ஒரு கட்டில்ல சாஞ்சிடறான்.

கண்ணு முழிச்சா கடைக்குப் பின்னாடி ஒரு கதவு. கடைப் பேர்ல ‘பியாண்ட்’னு ஒரு வார்த்தை இருக்குல்ல, அப்பால்னு அர்த்தம், அதையே பிடிச்சு அப்பாலுக்கும் அப்பால்னு ஒரு அறை. உள்ள மோர்ட்டிங்கற ஒருத்தர், நடிச்சது கிறிஸ்டோஃபர் வாக்கன். மார்க்கெட்டுக்கே இன்னும் வராத ரிமோட்டுன்னு சொல்லி காசு வாங்காம குடுக்கறார். ஒரே ஒரு கண்டிஷன், திருப்பித் தர முடியாது.

முதல்ல எல்லாம் ஜாலிதான். நாய் குரைச்சா வால்யூமை குறைக்கலாம், பாஸ் பேசினா அப்படியே நிறுத்தி வைக்கலாம், வந்திருக்கிற க்ளையன்ட்ஸ் ஜப்பானிய மொழியில பேசினா பாஷையை மாத்திக்கலாம். வாழ்க்கைக்கு டிவிடி மாதிரி மெனு, மேக்கிங் வீடியோ, கமென்ட்ரி கூட உண்டு, அந்தக் கமென்ட்ரிக்கு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸோட குரல். 2006 ஜூன்ல வந்த படம், டிவிடி நல்லா ஓடிட்டு இருந்த காலம், அதனால அந்த ஜோக்கெல்லாம் அன்னைக்கு இருந்தவங்களுக்கு சட்டுனு பிடிபட்டிருக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது அவன் முதல்ல எதை எல்லாம் ஓட்டி விடறான்ங்கறதுதான். மனைவியோட சண்டை, ட்ராஃபிக், சளி ஜுரம், அப்பா அம்மாவோட உக்காந்து சாப்பிடற நேரம். ஒண்ணு கூட பெரிய தப்பு கிடையாது. ரிமோட் கிடைச்சா நீங்களும் நானும் அதைத்தான் பண்ணியிருப்போம், சண்டையை முழுசா உக்காந்து அனுபவிக்கணும்னு யாராவது நெனைப்பாங்களா. படத்தோட கெட்டிக்காரத்தனமே இங்கதான் இருக்கு. இந்த ஆளை கெட்டவனா காட்டியிருந்தா நமக்கு தப்பிக்க ஒரு வழி கிடைச்சிருக்கும், நான் அவனை மாதிரி கிடையாதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருக்கலாம்.

அப்புறம் அந்த ப்ரமோஷன். கண்டிப்பா வந்துடும்னு நம்பி பசங்களுக்கு சைக்கிள் வரைக்கும் வாங்கிடறான். பாஸ் இப்ப இல்ல, இன்னும் கொஞ்ச நாள்னு தள்ளிப் போட்டுடறான். சரி, ரெண்டு மாசம்தானே, நேரா ப்ரமோஷன் நாளுக்கே போயிடலாம்னு பட்டனை அமுக்கறான். போய் நின்னா ஒரு வருஷத்துக்கு மேல ஓடிப்போயிருக்கு. நாய் செத்துப்போச்சு, மனைவியும் அவனும் கவுன்சிலிங் போயிட்டு இருக்காங்க. இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, ரிமோட் அவனை ஏமாத்தலை, ப்ரமோஷனுக்குப் போன்னு சொன்னான், ப்ரமோஷனுக்கு கூட்டிட்டுப் போச்சு. ப்ரமோஷன்தான் அவன் நெனைச்ச ரெண்டு மாசத்துல வரலை. ஆபீஸ்ல வேலை பாக்கற யாருக்கும் இது புதுசா இருக்காது, அடுத்த அப்ரைசல்ல பாத்துக்கலாம், அடுத்த ஏப்ரல்ல பாத்துக்கலாம்னு எத்தனை ஏப்ரல் போயிருக்கு.

இதுக்கு அப்புறம்தான் படம் திரும்புது. ரிமோட்டுக்கு நினைவு உண்டு. ஒரு தடவை எதை ஓட்டி விட்டியோ, அடுத்த தடவை அதே மாதிரி ஒண்ணு வந்தா அதுவா ஓட்டிடும், நீ பட்டன் அமுக்கவே வேண்டாம். சண்டை வந்தா தாவிடும், ஜுரம் வந்தா தாவிடும். தூக்கி எறிஞ்சாலும் திரும்ப கைக்கே வந்துடுது. அவன் தாவிப் போற அந்த நேரத்துல அவன் உடம்பு மட்டும் அங்கயே இருக்கும், பேசும், தலையாட்டும், சாப்பிடும், ஆபீஸ் போகும். ஆட்டோபைலட். இந்த எந்திர மனுஷன் கூடத்தான் டோனா அத்தனை வருஷம் குடும்பம் நடத்தறா. பசங்க வளர்றது அவனைப் பாத்துத்தான். கொஞ்ச நேரம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க, மைக்கேலுக்கு தாவிப் போற பத்து வருஷம் ஒரு நொடி, ஆனா அந்த வீட்ல இருக்கிறவங்களுக்கு அது முழுசா பத்து வருஷம், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ராத்திரி சாப்பாடும். படம் பூரா மைக்கேல் பக்கத்துல இருந்து சொல்றதால இது நம்ம கண்ணுல சட்டுனு படாது, எனக்கே மூணாவது தடவைதான் பட்டுச்சு.

இன்னொரு விஷயமும் சொல்லணும். முதல் ஐஃபோன் வந்தது 2007ல, இந்தப் படத்துக்கு அடுத்த வருஷம். சாப்பாட்டு டேபிள்ல உடம்பு இங்க, மனசு கையில இருக்கிற திரையிலன்னு ஒரு நிலைமை எல்லா வீட்டுக்கும் வர்றதுக்கு முன்னாடியே எடுத்த படம் இது. நம்ம பழக்கத்தை பாத்து பாத்து அடுத்தது என்ன வேணும்னு அதுவே முடிவு பண்ற மெஷின் அன்னைக்கு கற்பனை, இன்னைக்கு எல்லார் பாக்கெட்லயும் இருக்கு. எழுதின ஸ்டீவ் கோரனும் மார்க் ஓ’கீஃபும் போனை மனசுல வச்சு எழுதியிருக்க முடியாது, ஆனா இன்னைக்கு பாக்கறப்போ வேற எதுவும் ஞாபகம் வர மாட்டேங்குது. இவங்க ரெண்டு பேரும்தான் 2003ல வந்த ப்ரூஸ் ஆல்மைட்டிக்கும் கதை எழுதினவங்க, அதுலயும் ஒரு சாதாரண ஆளுக்கு அளவுக்கு மீறின சக்தி கிடைக்கும். ஆனா அது கடவுளோட சக்தி, எட்டாத உயரத்துல இருக்கு. ரிமோட் நம்ம சோபா இடுக்குல கிடக்கற சாமான்.

அடுத்த தாவல் இன்னும் பெருசு. நீதான் ஒரு நாள் சிஇஓன்னு பாஸ் சொன்னதைக் கேட்டு, சரி, எப்போன்னு பாப்போம்னு நெனைச்ச மாத்திரத்துல பத்து வருஷம் போயிடுது, படத்தோட கணக்குல 2017. எந்திரிச்சா உடம்பு ஊதிப்போய் கிடக்கு, பெரிய வீடு, டோனா இல்ல. விவாகரத்து ஆகி, பையனுக்கு நீச்சல் சொல்லிக்குடுத்த பில்லோட இருக்கா. பில்லா நடிக்கிறது ஷான் ஆஸ்டின், ரொம்ப நல்ல மனுஷனா காட்டுவாங்க, வில்லனா காட்டியிருந்தா நமக்கு வலிச்சிருக்காது. அங்க விழுந்து தலையில அடிபட, அடி பட்டா தாவணும்னு ரிமோட்டுக்குத்தான் தெரியுமே, மறுபடி ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்துல அவனுக்கு கேன்சர் வந்து சரியும் ஆயிடுச்சு. சொந்த உடம்புல கேன்சர் வந்து போனது கூட அடுத்தவங்க சொல்லித்தான் அவனுக்குத் தெரியுது.

அப்பா எங்கன்னு கேக்கறான். செத்துட்டார்.

இப்ப நீங்க கேட்ட அழுகைக்கு வர்றேன். அப்பா சாவைப் பாக்கணும்னு கேக்கறான், முடியாது, ஏன்னா அவன் அங்க இல்ல, தான் இருந்த இடத்தை மட்டும்தான் ரிமோட் காட்டும். சரி, கடைசியா எப்போ பாத்தேன்னு கேக்கறான். அந்த சீன் அவன் ஆபீஸ்ல. அப்பா டெட் வந்து நிக்கறார், ஹென்றி விங்க்லர். நீ, நான், உன் பையன், மூணு பேரும் ஒரு நாள் ராத்திரி வெளிய போயிட்டு வரலாமான்னு கேக்கறார். ஆட்டோபைலட் மைக்கேல் நிமிர்ந்து கூட பாக்காம வேலை இருக்குங்கறான். சின்ன வயசுல இருந்து அப்பா ஒரு காசை வச்சு ஒரு வித்தை காட்டுவார், எப்படின்னு சொல்லவே மாட்டார். இப்ப அதை சொல்லித் தர்றேன் வாயேன்ங்கறார். அவருகிட்ட மிச்சம் இருக்கிற ஒரே லஞ்சம் அதுதான். இவன் அப்பவும் திரும்பாம, அது எப்படின்னு எனக்கு எப்பவோ தெரியும்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிடறான். டெட் ஒரு நிமிஷம் அப்படியே நிக்கறார். கோவப்படலை. ஐ லவ் யூ சன்னு சொல்லிட்டு கதவைப் பாத்து நடக்கறார்.

அந்தப் பக்கம் நின்னு இதைப் பாக்கற நிஜ மைக்கேல் அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப ஓட விடறான். மறுபடி. மறுபடி. இதுதான் படத்துல அவன் ரிவைண்ட் பட்டனை உருப்படியா பயன்படுத்தற இடம். ஒரு மணி நேரமா எல்லாத்தையும் முன்னாடி ஓட்டிக்கிட்டு இருந்த கை, இப்ப மூணு செகண்டை பின்னாடி இழுத்துப் பிடிக்க தவிக்குது. வசனமே தேவைப்படலை. முதல் பாதி பூரா சிரிக்க வைக்க பயன்படுத்தின அதே பட்டன்களாலதான் இப்ப அழ வைக்கறாங்க, அதனாலதான் நமக்கு தடுக்கத் தெரியல. சோகப் படம்னு தெரிஞ்சு உக்காந்தா மனசைக் கொஞ்சம் கெட்டி பண்ணிக்குவோம், இங்க அந்த அவகாசமே கிடைக்காது.

சாண்ட்லரோட அப்பா 2003ல இறந்தார். படம் ரிலீஸ் ஆகறதுக்கு முந்தின மாசம், 2006 மே மாசம், அவருக்கு முதல் பொண்ணு பிறந்துச்சு. அப்பாவை இழந்த மகனும் புதுசா அப்பா ஆனவனும் ஒரே ஆளா இருந்த நேரம் அது. நடிப்புல அது எவ்வளவு கலந்துச்சுன்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா அந்த ஆபீஸ் சீன்ல அவர் முகத்தைப் பாத்துட்டு இந்த ரெண்டு தேதியையும் சேத்துப் பாக்காம இருக்க முடியலை. டைரக்டர் ஃப்ராங்க் கொராசியும் புது ஆள் கிடையாது, 1998லயே சாண்ட்லரை வச்சு ரெண்டு படம் எடுத்தவர், எங்க அவரைக் கத்த விடணும் எங்க அமைதியா விடணும்னு தெரிஞ்சவர்.

மேக்கப்பையும் சொல்லாம விட முடியாது. கசுஹிரோ சுஜி, பில் கோர்சோ ரெண்டு பேருக்கும் 79வது ஆஸ்கர்ல இந்தப் படத்துக்காக மேக்கப் பிரிவுல நாமினேஷன் கிடைச்சுது, விருது பான்ஸ் லேபிரிந்த் படத்துக்குப் போச்சு. இதே கசுஹிரோ பின்னாடி ‘டார்க்கஸ்ட் அவர்’ படத்துல கேரி ஓல்ட்மேனை சர்ச்சிலா மாத்தினதுக்கு ஆஸ்கர் வாங்கினார். இந்தப் படத்துல மேக்கப் வெறும் அலங்காரம் கிடையாது, கதையே அதுலதான் நிக்குது, ஏன்னா வருஷம் போனதை மைக்கேல் அனுபவிக்கலை, கண்ணாடியில மட்டும்தான் பாக்கறான். தொங்கற கன்னமும் வயித்துத் தோலும் பொய்யா தெரிஞ்சிருந்தா நாமளும் அவன் கூட சேந்து அதிர்ச்சி ஆகியிருக்க மாட்டோம்.

இனி ரெண்டாவது கேள்வி, ஈஎம்ஐ கட்டுற ஆளுக்கு இதெல்லாம் எப்படின்னு கேட்டது. நியாயமான கேள்வி, படம் இதுல கொஞ்சம் நழுவுதுன்னுதான் நான் சொல்வேன். மைக்கேல் ஏன் பாஸ்கிட்ட முடியாதுன்னு சொல்லலைன்னா அவனுக்கு தைரியம் இல்லைன்னு படம் காட்டுது. கதை நடக்கற அமெரிக்காவுல நிலைமை என்னன்னு பாருங்க. 1938ல வந்த வேலை நேரச் சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல வேலை பாத்தா ஒன்றரை மடங்கு கூலி, ஆனா மாசச் சம்பளத்துல இருக்கிற ஆர்க்கிடெக்ட் மாதிரி படிச்ச ப்ரொஃபஷனல்களுக்கு அதுல விலக்கு. அதாவது அவன் எத்தனை ராத்திரி முழிச்சாலும் கம்பெனிக்கு பைசா கூடுதல் செலவு கிடையாது. வருஷத்துக்கு இத்தனை நாள் சம்பளத்தோட லீவு குடுத்தே ஆகணும்னு நாடு முழுக்க பொருந்தற சட்டமும் அங்க இல்ல, ஜூலை 4 தேசிய விடுமுறைதான், ஆனா தனியார் கம்பெனி லீவு விட்டாகணும்னு கட்டாயம் இல்ல. 1993ல வந்த குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் லீவு குடுக்குது, சம்பளம் இல்லாம, அதுவும் 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல இருந்தாத்தான். இந்த நிலைமையில இருக்கிற ஆள்கிட்ட போய் நீ மனசு வச்சா எல்லாம் சரியாயிடும்னு சொல்றது பாதி உண்மைதான். அந்த ஆபீஸ் அம்மரால மட்டும் அப்படி இல்ல, அம்மர் போனா இன்னொருத்தன் அதே சீட்ல அதே மாதிரி உக்காருவான், மைக்கேலே உக்காரறானே.

ஆனா இதை வச்சு படத்தையே தள்ளிடவும் கூடாதுன்னு நெனைக்கறேன். ஒரு விஷயம் கவனிச்சீங்களா, படத்துல எந்த இடத்துலயும் அவன் வேலையை விடற மாதிரி வராது. கடைசியில மறுபடி அந்தக் கடை கட்டில்ல முழிக்கிறப்போ நேரா ஓடறது அப்பா அம்மா வீட்டுக்கு, அப்புறம் தன் வீட்டுக்கு. ராஜினாமா கடிதம் எதுவும் கிடையாது. அவன்கிட்ட மாறறது நேரத்தோட அளவு கிடையாது, இருக்கிற நேரத்துல அவன் உள்ள இருக்கானா இல்லையாங்கறதுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வர்ற ஆளுக்கும் பையனோட அரை மணி நேரம் கிடைக்கும், அந்த அரை மணி நேரம் ஆட்டோபைலட்ல போகுதா இல்லையா, அதை எந்தக் கம்பெனியும் முடிவு பண்றது கிடையாது.

இதே சங்கடத்தை வேற வழியில பிடிச்ச படம் ஒண்ணு இருக்கு, 1996ல ஹெரால்ட் ராமிஸ் எடுத்த மல்டிப்ளிசிட்டி. மைக்கேல் கீட்டன் கட்டட வேலை பாக்கறவர், நேரம் பத்தாம தன்னையே க்ளோன் பண்ணிக்குவார், ஒருத்தன் வேலைக்கு, ஒருத்தன் வீட்டுக்கு, அப்புறம் நகலுக்கு ஒரு நகல். சிரிப்பு அதுல தாராளமா வரும், கீட்டன் பின்னியிருப்பார். அங்க ஒரு ஆள் நாலு ஆளா ஆயிடறான், க்ளிக்ல இருக்கிற ஒரு ஆளும் காணாம போறான். ஆனா உத்துப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், ஆட்டோபைலட் மைக்கேலும் ஒரு க்ளோன்தானே, வீட்டுக்கு அனுப்பி வச்ச நகல். கீட்டன் படம் அதை விளையாட்டா விட்டுடுச்சு, இது அந்த நகலோட வாழ்ந்தவங்க முகத்தைக் காட்டுச்சு.

குறை இருக்கா, நிறைய இருக்கு. மார்புகளைப் பத்தின ஜோக், ஃப்ரீஸ் ஆகி நிக்கற பாஸ் முகத்துல வாயு விடறது, ராப் ஷ்னைடர் அரபு இளவரசரா வேஷம் கட்டி வர்றது, திருநர் ஒருத்தரை சிரிப்புப் பொருளா வச்சது, இதெல்லாம் அன்னைக்கே நல்லா இல்ல, இன்னைக்கு குழந்தைகளோட உக்காந்து பாக்க கூச்சமா இருக்கு. விமர்சகர்கள் பல பேர் படத்தை ஏத்துக்கலை, அதுக்கு இதுவும் ஒரு காரணமா இருந்திருக்கும். மக்கள் வேற மாதிரி நெனைச்சாங்க, சுமார் 8 கோடி டாலர் செலவுல எடுத்த படம் உலகம் முழுக்க சுமார் 24 கோடி டாலர் வசூல் பண்ணுச்சு. எனக்கு இதை எல்லாம் விட பெரிய குறை டோனாதான். கேட் பெக்கின்சேல் நல்லாவே பண்ணியிருக்காங்க, ஆனா அந்தப் பொண்ணு பகல் பூரா என்ன பண்றா, பசங்களைத் தனியா வளர்த்த வருஷங்கள்ல யார்கிட்ட அழுதா, எதையும் படம் கேக்கலை. வேலையும் குடும்பமும்னு படம் எடுத்துட்டு குடும்பத்தைத் தாங்கற ஆளோட கணக்கை எடுக்காம விட்டது பெரிய ஓட்டை. இதே கதையை டோனா பக்கத்துல இருந்து யாராவது எடுத்தா நான் முதல் நாள் போய் நிப்பேன்.

முடிவு பத்தியும் பல பேர் திட்டுவாங்க, எல்லாம் கனவு மாதிரி ஆக்கி தப்பிக்க விட்டுட்டாங்கன்னு. நானும் முதல் தடவை அப்படித்தான் நெனைச்சேன். ஆனா அதுக்கு முன்னாடி வர்ற ஆஸ்பத்திரி சீன்தான் உண்மையான முடிவுன்னு இப்ப தோணுது. பென் கல்யாணத்துல சமந்தா பில்லைப் பாத்து அப்பான்னு கூப்பிடறா, அதைக் கேட்டுத்தான் மைக்கேலுக்கு நெஞ்சு வலி வருது. ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்போ பையன் வந்து, ஒரு டீல் இருக்குப்பா, ஹனிமூனை கேன்சல் பண்ணிட்டேன்ங்கறான். பெருமையா சொல்றான், அப்பா சந்தோஷப்படுவார்னு. தான் என்ன சொத்து விட்டுட்டுப் போறோம்னு அப்பதான் மைக்கேலுக்குப் புரியுது. மருந்து ட்யூப் எல்லாத்தையும் பிடுங்கிட்டு மழையில ஓடி விழுந்து, குடும்பம்தாண்டா முதல்லன்னு பையன்கிட்ட சொல்லிட்டு செத்துப்போறான். இங்கயே திரையை மூடியிருந்தாலும் படம் முழுசுதான். அதுக்கு அப்புறம் முழிக்க வச்சது தியேட்டர்ல இருந்து கிளம்பறவங்களுக்கு குடுத்த துண்டு, முகம் துடைச்சுக்க.

அந்த பெட் பாத் அண்ட் பியாண்ட் 2023 ஏப்ரல்ல திவால் மனு போட்டு, கடைகளை எல்லாம் மூடிட்டாங்க. 2017ல இருந்து ஆறு வருஷம் கூட்டினா படத்துல மைக்கேல் தன் அப்பா இறந்ததைத் தெரிஞ்சுக்கறதும் அதே 2023தான். சும்மா ஒத்துப்போனதுதான், ஆனா அன்னைக்கு எதிர்காலம்னு காட்டினதை எல்லாம் நாம தாண்டி வந்துட்டோம்னு நெனைக்கறப்போ ஒரு மாதிரி இருக்கு.

என் விஷயம் ஒண்ணு சொல்லிட்டு முடிக்கறேன், நீங்க கேட்டதுக்கு இதுதான் நேரடி பதிலா எனக்குப் படுது. எங்கப்பா ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்ணுவார். நான் ஸ்பீக்கர்ல போட்டுட்டு லேப்டாப்ல மெயில் பாத்துக்கிட்டே ம், ம்னு கேப்பேன். ஒரு வாரம் வீட்டு போர் மோட்டார் காயில் போயிடுச்சு, கழட்டிக் குடுத்தேன், ரெண்டு நாளா தண்ணி லாரிதான், பக்கத்து வீட்லயும் குடம் வச்சு பிடிச்சோம்னு பத்து நிமிஷம் சொல்லியிருக்கார். அடுத்த வாரம் நான் சாதாரணமா, தண்ணியெல்லாம் ஒழுங்கா வருதாப்பான்னு கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், போன வாரம் சொன்னேனேப்பா, அப்படின்னார். அவ்வளவுதான், கோவம் எல்லாம் இல்ல, டெட் மாதிரியேதான். அன்னைக்கு ராத்திரிதான் இந்தப் படத்தை மூணாவது தடவையா போட்டேன்.

இப்பல்லாம் அவர் போன் வந்தா லேப்டாப்பை மூடிட்டு மொட்டை மாடிக்குப் போயிடறேன். காயில் கட்டி மாட்டினதுல இருந்து மோட்டார் சத்தம் கம்மியா இருக்காம், ஆனா ஸ்டார்ட்டர்ல ஏதோ கிர்ருன்னு வருதாம், ஆளைக் கூட்டிட்டு வந்து பாக்கணும்னு போன வாரம் சொன்னார். இந்த வாரம் அதைத்தான் முதல்ல கேக்கணும்.